வாசகர் கேள்வி பதில்: சாயம் தரும் பாசிகள்

கேள்வி (பரந்தன்): அஸ்டாசாந்தின் என்ற சிவப்புச் சாயம் தரும் பாசிக்கு வெளிநாட்டில் லட்சக்கணக்கில் விலை என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். வளவுக்குள் இரண்டு சீமெந்துத் தொட்டி சும்மா கிடக்கிறது. தொடங்கலாமா?

பதில்: தொட்டி கிடக்கட்டும் தம்பி, முதலில் வெயிலைப் பாருங்கள். அந்தப் பாசியின் பெயர் ஹெமற்றோகொக்கஸ். நன்னீரில் வளரும். பெருகும் காலத்தில் அது பச்சைதான், அதுவும் 20 முதல் 25 பாகை செல்சியஸ் அளவில் இருந்தால்தான் ஒழுங்காகப் பெருகும். சித்திரை மாதம் பரந்தனில் தொட்டித் தண்ணீர் எப்படிச் சுடும் என்று நான் சொல்லத் தேவையில்லை. சூடு கூடினால், வெயில் உறைத்தால், பசளை குறைந்தால் அது பெருகுவதை நிறுத்திவிட்டுத் தடித்த கோதொன்றைக் கட்டிக்கொண்டு உள்ளே சிவப்பைச் சேர்க்கும். அந்தச் சிவப்புத்தான் நீங்கள் கேட்கும் அஸ்டாசாந்தின்.

அப்படியென்றால் எங்கள் வெயில் நல்லதுதானே என்பீர்கள். இல்லை. முதலில் பச்சையாக நிறையப் பெருக்கி, பிறகுதான் சிவக்க விட வேண்டும். இங்கே பெருக முன்னமே சிவந்துவிடும், தொட்டியின் அடியில் ஒரு பிடி மண்டிதான் மிஞ்சும். நன்றாக வந்தாலும் காய்ந்த எடையில் 4 வீதமளவுதான் சாயம், அதையும் கோதை உடைத்துப் பிரித்தெடுக்க மெஷின் வேண்டும். வீடியோக்காரர் சொன்ன விலை பிரித்தெடுத்த சாயத்துக்கு, தொட்டிப் பாசிக்கு அல்ல. இஸ்ரேலின் அரவா பாலைவனத்தில் வளர்க்கிறார்கள்தான், ஆனால் மூடிய குழாய்களுக்குள். சாமன் மீன் பண்ணைகளுக்கு இதே சாயம் செயற்கையாகச் செய்தும் மலிவாகப் போகிறது, அதோடு விலையில் மல்லுக்கட்ட முடியாது. உங்கள் தொட்டிக்குப் பொருத்தமானது ஸ்பைருலினா, அதாவது காயவைத்துச் சத்துத் தூளாக விற்கும் கரும்பச்சைப் பாசி. அதற்கு 30 முதல் 37 பாகைச் சூடு பிடிக்கும். கீழே உள்ள பதிலையும் வாசியுங்கள்.

கேள்வி (ஒட்டுசுட்டான்): எங்கள் மகளிர் குழு ஸ்பைருலினா வளர்க்கிறது. தொட்டியில் கரும்பச்சையாக நல்லாக இருக்கிறது, காய்ந்து தூளானதும் நிறம் செத்து வைக்கோல் மாதிரி ஆகிவிடுகிறது. வாங்குபவர் நீலம் இல்லை என்று திருப்பி அனுப்புகிறார். தொட்டியில் வெள்ளைப் படிவும் வருகிறது.

பதில்: வளர்ப்பில் பெரிய பிழை இல்லை அக்கா, காயவைப்பில்தான் காசு போகிறது. அவர் கேட்கும் நீலம் பைக்கோசயனின். ஸ்பைருலினாவை அன்டிஒக்சிடன்ட், அதாவது உடற்கலங்கள் கெடாமல் காக்கும் பொருள் என்று விற்பதே பெரும்பாலும் இதைக் காட்டித்தான். இது 45 பாகையைத் தாண்டிய சூட்டில் கெடத் தொடங்கும், நேர் வெயிலும் இதற்கு ஆகாது. மத்தியான வெயிலில் தகரத்தில் பரப்பினால் என்ன மிஞ்சும்?

விடியப்புறமே துணியில் வடியுங்கள், பாரம் வைத்து நீரைப் பிழியுங்கள், பிறகு இடியப்ப உரலில் இட்டு மெல்லிய இழையாகத் தட்டில் பிழிந்து, கறுப்புத் துணி மூடிய பெட்டிக்குள் காற்றாடி விட்டுக் காயவையுங்கள். அன்றைக்கே இழை படக்கென்று முறிய வேண்டும், மறுநாளுக்கு இழுத்தால் மணக்கத் தொடங்கிவிடும். கழுவும்போது நல்ல தண்ணீரில் ஊற விடாதீர்கள். கலம் வெடித்து நீலம் தண்ணீரோடு போய்விடும், கழுவிய தண்ணீர் நீலமாக ஓடுகிறதென்றால் நீங்கள் காசைத்தான் ஊற்றுகிறீர்கள். விற்க முன் ஒரு கரண்டித் தூளைக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் போட்டு இரவு முழுக்க வையுங்கள். காலையில் தண்ணீர் நீலமாக இருந்தால் சரக்கு சரி.

வெள்ளைப் படிவு உங்கள் கிணற்றுத் தண்ணீரின் கல்சியம், கேத்திலின் அடியில் பிடிப்பதும் அதுதான். ஸ்பைருலினாவுக்குக் காரத்தன்மை வேண்டும் என்று அப்பச்சோடா போட்ட தண்ணீரில் அது சுண்ணாம்பாக இறங்கிவிடும். மாரியில் மழைத் தண்ணீர் பிடித்து வையுங்கள். ஆனால் தொட்டிக்கு மேலே கூரை வேண்டும், அதே மழை நேராக விழுந்தால் காரத்தன்மை குறைந்து வேறு பாசி குடியேறிவிடும். வேறு பாசி கலந்திருக்கிறதா என்று மாதம் ஒருமுறை நுணுக்குக்காட்டியில் பார்ப்பிப்பது நல்லது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ். பல்கலைக்கழக விவசாய பீடம் இருக்கிறது, கூச்சப்படாமல் போய்க் கேளுங்கள்.

கேள்வி (முறிகண்டி): குளத்தில் கோடையில் பச்சையாக மிதப்பதை அள்ளிக் காயவைத்தால் ஸ்பைருலினாதானே?

பதில்: ஐயோ, வேண்டாம். அதில் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நச்சுப் பாசி இருக்கலாம். அதன் நஞ்சு ஈரலைத் தாக்கும், கொதிக்க வைத்தாலும் போகாது. மாட்டையும் அந்தக் கரையில் தண்ணீர் குடிக்க விடாதீர்கள்.

கேள்வி (மன்னார்): உப்பளப் பாத்தியில் உப்பு விளைய முன் தண்ணீர் இளஞ்சிவப்பாகிறது. அதுவும் விலைபோகும் பாசியா?

பதில்: பாதி ஆம். உப்பை விரும்பும் நுண்ணுயிர்களும் டுனாலியெல்லா என்ற பாசியும் சேர்ந்து தரும் நிறம் அது. பாசியின் பங்கு பீற்றா கரோட்டின், கரட்டுக்கு நிறம் தரும் அதே சாயம், நன்றாகச் சிவந்தால் காய்ந்த எடையில் 10 வீதம் வரை வரும். வங்காலைக்கு வரும் பூநாரைகளின் நிறமும் இப்படி இரையில் இருந்து ஏறுவதுதான். மேற்கு அவுஸ்திரேலியாவின் ஹட் லகூனில் இதைப் பரந்த குளங்களில் வளர்க்கிறார்கள். இங்கும் வெயிலும் உப்பும் இருக்கிறது, ஆனால் இது தனித்தனிக் கலமாக மிதக்கும், ஸ்பைருலினா போலத் துணியில் நிற்காது. அறுவடைக்கே முதலீடு வேண்டும். உப்பளம் நடத்துபவர்கள் யோசிக்கலாம், தனி ஆள் இறங்கினால் கையைச் சுடும்.

கேள்வி (வவுனியா): அப்பா நாற்பது வருடமாகச் சிகரெட் பிடிக்கிறார். பீற்றா கரோட்டின் குளிசை வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பின்லாந்தில் சிகரெட் பிடிக்கும் ஆண்கள் 29,000 பேரளவில் நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வந்தது. தினமும் 20 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 வீதம் கூடியிருந்தது. கரட், பப்பாசி, முருங்கையிலை சாப்பாட்டோடு சாப்பிடட்டும், அதில் பயமில்லை. குளிசைக் காசை மிச்சம் பிடித்து, சிகரெட்டை நிறுத்த அவரை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.