கொழும்புல வறுமை 2.3 வீதம்தானே, அப்ப அங்க எதுக்கு ஏழைகளுக்கு அரசாங்கம் குடுக்கிற அஸ்வெசும காசு?

கேள்வில இருக்கிற நம்பர் சரிதான். 2019ல தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் எடுத்த கணக்குல கொழும்பு மாவட்டத்துல வறுமை 2.3 வீதம், நாடு முழுக்க 14.3, முல்லைத்தீவுல 44.5. ஒரு வீட்டோட சராசரி மாச வருமானமும் கொழும்புலதான் கூட, 1 லட்சத்து 32 ஆயிரம் சொச்சம். முல்லைத்தீவுல இருக்கிற கஷ்டத்தோட போட்டி போட நான் வரல. ஆனா இந்த நம்பர காட்டி கொழும்புல ஏழை இல்லன்னு யாராவது சொன்னா எனக்கு மனசு கொதிக்கும், ஏன்னா நான் கிராண்ட்பாஸ் பக்கம் ஒரு தோட்டத்துல பொறந்து வளந்த ஆள், ஒரு சந்து, ரெண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி வீடு, பொது பைப், பொது டாய்லட். இந்த மாதிரி இடங்கள்ல 68,812 குடும்பம் இருக்குன்னு நகர அபிவிருத்தி அதிகார சபையே முந்தி கணக்கு எடுத்து சொன்னது, அப்ப கொழும்பு நகரத்துல பாதிக்கு மேல சனம் அது.

முதல்ல அந்த சராசரி. மாவட்டம்னா கறுவாத்தோட்டத்து பங்களாவும் அதுக்குள்ளதான் மட்டக்குளி லைன் வீடும் அதுக்குள்ளதான், ரெண்டையும் கூட்டி வகுத்தா வர்ற நம்பர் ரெண்டு பேருக்கும் சொந்தமில்ல. நாட்டு அளவுலயே பாருங்க, அதே 2019ல சராசரி வருமானம் 76,414 ரூபா, ஆனா பாதி வீடுகளுக்கு வந்தது 53,333க்கு கீழ. மேல இருக்கிற 20 வீதம் வீடுகள் மொத்த வருமானத்துல பாதிக்கு மேல எடுத்துக்கிட்டாங்க.

அடுத்தது வறுமைக்கோடு. அது வருமானத்த பாக்கிறதில்ல, செலவத்தான் பாக்குது. 2019ல நாட்டுக்கு பொதுவான கோடு ஆளுக்கு மாசம் 6,966 ரூபா, அந்தக் கணக்குல அஞ்சு பேர் இருக்கிற வீட்டுல ஒரு 35 ஆயிரம் செலவழிஞ்சா அந்த வீடு ஏழை லிஸ்ட்ல இல்ல. அந்த காசு சம்பளமா வந்ததா, வட்டிக்கு எடுத்ததா, காதுத் தோடு அடகு வச்சு வந்ததான்னு கோடு கேக்காது. கிராமத்துல வீட்டுக்கு பின்னால ஒரு பலாமரம், ரெண்டு தென்னை, கொஞ்சம் கீரை, பொறுக்கினா விறகு கிடைக்கும். இங்க கொத்தமல்லி இலைல இருந்து எல்லாமே காசு, அதனால செலவு கூடத்தான் வரும். செலவு கூடினா நல்லா இருக்காங்கன்னு அர்த்தமா?

எங்க தோட்டத்துல ஒரு மாமி இருந்தாங்க, வாசல்லயே விறகு அடுப்பு வச்சு விடியக்காலைல அப்பம் சுடுவாங்க. வேலைக்கு போறவங்க, புறக்கோட்டைல மூட்டை தூக்கிற நாட்டாமை வேலை செய்றவங்க, ஸ்கூல் பிள்ளைகள்னு சந்து வாய் வரைக்கும் ஆள் நிக்கும், மாமிட கை சட்டிய சுத்திக்கிட்டே இருக்கும், கட்டசம்பல் வாசம் எங்க வீட்டு கட்டில் வரைக்கும் வரும். பிறகு அந்த இடத்த எடுத்து எல்லாருக்கும் மாடி வீடு குடுத்தாங்க. மாமிக்கு ஒன்பதாவது மாடி. நல்ல வீடுதான், அத நான் மறுக்கல, டைல் போட்ட தரை, உள்ளுக்கே டாய்லட், 24 மணி நேரமும் தண்ணி, மழைக்கு வீட்டுக்குள்ள சாக்கடை வராது, பொம்பிளைப் பிள்ளைகள் ராத்திரில வெளிய டாய்லட்டுக்கு போகத் தேவையில்ல, இது சின்ன விசயம் இல்ல. ஆனா ஒன்பதாவது மாடில விறகு எரிக்க முடியாது, கேஸ்ல அப்பம் சுட்டா கட்டுபடியாகாது, காலைல அவசரத்துல ஓடுற ஆள் ஒரு அப்பத்துக்காக லிஃப்ட்டுக்கு காத்துக்கிட்டு நிக்க மாட்டான். யாவாரம் அதோட முடிஞ்சு போச்சு, மாமி இப்ப ரெண்டு வீட்டுல சமையல் வேலைக்கு போறாங்க. முந்தி இல்லாத லைட் பில், தண்ணி பில், மெயின்டனன்ஸ்னு மாசக் கடைசில வர்றது வேற.

நாள் சம்பளக்காரர் வீட்டுல காசு நாளுக்கு நாள் வருது, அதனால சாமானும் நாளுக்கு நாள்தான் வாங்குவாங்க. மாடி வீட்டுக்கு கீழ இருக்கிற சின்னக் கடைல நின்னு பாத்தா தெரியும், பாதித் தேங்காய், 100 கிராம் பருப்பு, குட்டிப் பைல கட்டின எண்ணெய், ரெண்டு முட்டை, கால் றாத்தல் சீனி, மிச்சம் கடன் கொப்பில எழுதச் சொல்லிட்டு போவாங்க. இப்பிடி சில்லறையா வாங்கிறவங்க கிலோக்கணக்குல பாத்தா சூப்பர்மார்க்கட்டுல மொத்தமா வாங்கிறவங்கள விட கூட விலைதான் குடுக்கிறாங்க. இல்லாதவன்கிட்டதான் கூட எடுக்குது இந்த ஊர், எனக்கு இதுதான் தாங்க முடியாத விசயம்.

இதெல்லாம் 2019 நிலவரத்துக்கே. பிறகு கொரோனா, பிறகு 2022 பொருளாதார நெருக்கடி. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் 2022 செப்டம்பர்ல முந்தின வருச செப்டம்பர விட 69.8 வீதம் ஏறினது, சாப்பாட்டு சாமான் மட்டும் 94.9. 2021 அக்டோபர் வரைக்கும் 1,493 ரூபாவுக்கு வித்த 12.5 கிலோ கேஸ் அடுத்த ஏப்ரல்ல 4,860, மண்ணெண்ணெய் ஒரு லீட்டர் 2022 ஆகஸ்ட்ல ஒரே அடியா 87 ரூபால இருந்து 340. கிராமத்துல விறகுக்கு மாறினாங்க, மாடி வீட்டுல எங்க மாறுறது? கடைல பாண் வாங்கி பிளேன் டீயோட முடிச்ச ராத்திரிகள் எத்தனையோ வீட்டுல.

இனி அஸ்வெசும. 2023 ஜூலைல பழைய சமுர்த்தி உதவிக்கு பதிலா இது தொடங்கினப்ப 22 அளவுகோல் வச்சு வீடுகள பாத்தாங்க, படிப்பு, சுகாதாரம், வீட்டு நிலமை, சொத்து இப்பிடி. மாமி வீட்டுக்கு ஒரு ஆள் ஃபோர்மோட வந்து நின்னா என்ன தெரியும்? சீமெந்துச் சுவர், டைல், கரண்ட், பைப் தண்ணி, மகன் லீசிங்ல எடுத்த ஓட்டோ கீழ நிக்குது. எல்லாம் "இருக்கு". அந்த ஓட்டோவுக்கு மாசம் எவ்வளவு கட்டணும், மகனுக்கு போன மாசம் எத்தனை நாள் ஹயர் கிடைச்சது, தோடு யார்ட பெட்டில கிடக்கு, கடைக் கொப்பில எவ்வளவு நிக்குது, இத கேட்டாத்தானே அந்த வீட்டோட உண்மை நிலமை வரும். சுவர வச்சு புள்ளி போட்டா மாடி வீட்டுக்கு போன எல்லாருமே பணக்காரர்தான். 2025ல இருந்து மிக வறிய குடும்பத்துக்கு 17,500, வறிய குடும்பத்துக்கு 10,000னு கூட்டினது நல்லது, ஆனா லிஸ்ட்டுக்குள்ள வந்தாத்தானே அது கிடைக்கும்.

அதனால உங்க கேள்விக்கு என் பதில், கொழும்புலயும் அஸ்வெசும கட்டாயம் வேணும், கணக்கெடுக்கிற முறைதான் மாறணும். வட கொழும்புல இருந்து இத வாசிக்கிற யாராவது பேர் வரலன்னு விட்டுட்டு இருந்தா, கிராம சேவகர்கிட்ட இல்லாட்டி பிரதேச செயலகத்துல மேன்முறையீடு எப்ப எடுக்கிறாங்கன்னு கேட்டு போடுங்க, போகும்போது லீசிங் புத்தகம், அடகு துண்டு, லைட் பில் எல்லாத்தையும் கையோட கொண்டு போங்க.