அமெரிக்காவில் ஓட்டுப் போட அடையாள அட்டை கேட்டால் என்ன தப்பு? இரண்டு கட்சிகளும் ஏன் ஒத்துப்போக மாட்டேன் என்கின்றன?

கேட்டவர் ஊரில் இருந்துகொண்டு கேட்கிறார் என்று நினைக்கிறேன். "நம்ம நாட்டிலேயே அட்டை இல்லாமல் பூத்துக்குள் விடுவதில்லை, அவ்வளவு பெரிய நாட்டில் இது கூடவா இல்லை?" என்ற ஆச்சரியம் கேள்வியிலேயே தெரிகிறது. என் மாமனாரும் ஒவ்வொரு தேர்தலுக்கும் போனில் இதையேதான் கேட்பார்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கீழே வந்து "நீ அந்தக் கட்சி ஆள்தானே" என்று ஆரம்பிப்பார்கள். நான் இருப்பது நார்த் கரோலினாவில். இங்கே வாக்காளராகப் பதியும்போது எந்தக் கட்சி என்று குறிக்கச் சொல்வார்கள். நான் எந்தக் கட்சியும் இல்லை என்று குறித்தவள். அப்படிக் குறித்தவர்கள்தான் இப்போது இந்த மாநிலத்தில் அதிகம்; இரண்டு கட்சிகளும் எங்களுக்குப் பின்னால்தான்.

இந்தியாவோடு ஒப்பிடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் ஊரில் சேஷன் காலத்தில், 1993இல், அட்டை வந்தபோது அதைக் கொடுக்கும் வேலையை தேர்தல் ஆணையமே எடுத்துக்கொண்டது. அது தொலைந்தால் ஆதார், படம் ஒட்டிய பாங்க் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை என்று ஒரு பட்டியலே உண்டு. இங்கே நாடு முழுவதற்கும் ஒரே அட்டை கிடையாது. தேர்தலை நடத்துவது அந்தந்த மாநிலமும் கவுண்டியும் (நம் ஊர் மாவட்டம் மாதிரி). நடைமுறையில் டிரைவிங் லைசென்ஸ்தான் அடையாள அட்டை. கார் ஓட்டாத எண்பது வயதுப் பாட்டி அதைப் புதுப்பிக்க வேண்டுமென்றால், அந்த அலுவலகத்துக்குப் போகவே யாராவது காரில் கூட்டிப்போக வேண்டும்.

அப்புறம், "அமெரிக்காவில் எதுவுமே கேட்பதில்லை" என்பதும் சரியில்லை. 36 மாநிலங்களில் ஏதோ ஒரு அடையாளம் கேட்கிறார்கள். சண்டை, எந்தக் காகிதம் செல்லும், அது இல்லாதவனை என்ன செய்வது என்பதில்தான். கடுமையாகக் கேட்கச் சொல்வது குடியரசுக் கட்சி, எதிர்ப்பது ஜனநாயகக் கட்சி. டெக்சாஸ் 2011இல் கொண்டுவந்த சட்டத்தில் கைத்துப்பாக்கி லைசென்ஸ் செல்லும், கல்லூரி அட்டை செல்லாது. பதிவு செய்த வாக்காளர்களிலேயே சுமார் 6 லட்சம் பேரிடம் அந்தப் பட்டியலில் உள்ள எதுவும் இல்லை என்று நீதிமன்றம் கண்டது. கடைசியில் 2017இல், அட்டை வாங்க முடியாத காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஓட்டுப் போடலாம் என்று திருத்தினார்கள்.

எங்கள் மாநிலக் கதை இன்னும் மோசம். 2013இல் ஒரு சட்டம். அதை 2016இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், கறுப்பின வாக்காளர்களைக் கிட்டத்தட்ட அறுவைசிகிச்சைத் துல்லியத்தோடு குறிவைக்கிறது என்று சொல்லி ரத்து செய்தது. 2018இல் மக்களிடமே கேட்டார்கள். 55 சதவீதம் பேர் அட்டை வேண்டும் என்றார்கள். அதற்காக எழுதிய புதுச் சட்டத்தை மாநில உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் செல்லாது என்றது. இங்கே மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகளையும் கட்சி சார்பில் மக்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்கு முந்தைய மாதத் தேர்தலில் அந்த நீதிமன்றத்தின் பெரும்பான்மை ஜனநாயகக் கட்சியிடமிருந்து குடியரசுக் கட்சிக்குக் கைமாறியிருந்தது. புது நீதிபதிகள் வந்து உட்கார்ந்ததும் அதே நீதிமன்றம் 2023 ஏப்ரலில் அதே சட்டம் செல்லும் என்றது. சட்டத்தில் ஒரு வரி கூட மாறவில்லை. இதைப் பார்த்துவிட்டு "கோர்ட் சொல்லிவிட்டது, அவ்வளவுதான்" என்று சொல்பவர்களிடம் எனக்குப் பேச்சே வருவதில்லை.

அட்டைச் சட்டம் இங்கே அமலுக்கு வந்த சமயத்தில்தான் நான் வாக்குச்சாவடி வேலைக்குப் பெயர் கொடுத்தேன். கவுண்டி பயிற்சி கொடுக்கும், கொஞ்சம் பணமும் கொடுக்கும். (அதற்கு நான் ஒரு நாள் விடுப்பு எடுக்க வேண்டும். 1845இல் போட்ட சட்டப்படி இன்றும் செவ்வாய்க்கிழமையில்தான் தேர்தல், விடுமுறையும் இல்லை. என் மேலாளர் அதற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட கதை தனி.) காலை ஆறரைக்குக் கதவு திறந்தால் இரவு ஏழரைக்குத்தான் மூடும். ஒவ்வொரு சாவடிக்கும் ஒரு தலைமை ஜட்ஜ், இரண்டு ஜட்ஜ். நீதிமன்றத்து ஜட்ஜ் இல்லை, சாவடிப் பொறுப்பாளர்கள். மூன்று பேரும் ஒரே கட்சியாக இருக்கக் கூடாது என்பது சட்டம். எங்கள் மேஜையில் குடியரசுக் கட்சி சார்பில் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். ஜனநாயகக் கட்சி சார்பில் ஓய்வு பெற்ற ஒரு டீச்சர்.

2024 நவம்பர். சாப்பல் ஹில்லில் படிக்கும் பையன் ஒருவன் போனை நீட்டினான். பல்கலைக்கழகம் கொடுத்த அடையாள அட்டை போன் செயலியில் இருந்தது. மாநிலத் தேர்தல் வாரியம் முதலில் அது செல்லும் என்றது. செப்டம்பர் கடைசியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என்றது. கையில் பிடிக்கும் அட்டைதான் வேண்டும். பையன் முகம் சிவந்துவிட்டது. ஜனநாயகக் கட்சி டீச்சர் விட்டுக்கொடுப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? "கையேட்டில் முடியாது என்று இருக்கிறது, கண்ணு" என்று அசையாமல் சொன்னார். எழுந்து போய் அவனைத் தனி மேஜைக்குக் கூட்டிப்போய், அட்டை இல்லாதவர்களுக்கான விலக்குப் படிவம் என்று ஒன்று இருக்கிறது, அதை நிரப்பினால் தற்காலிக வாக்குச் சீட்டில் (பிறகு சரிபார்த்து எண்ணுவார்கள்) போடலாம், கவுண்டி வாரியத்தார் அத்தனை பேரும் சேர்ந்து நீ எழுதியது பொய் என்று சொன்னால்தான் தள்ள முடியும் என்று வரிவரியாக விளக்கியவர் அந்த ராணுவக்காரர். பையன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "லைசென்ஸ் ரூமில் இருக்கிறது" என்றான். சாயந்திரம் வேறொருவன் காரில் வந்து இறங்கி, லைசென்ஸைக் காட்டி ஓட்டுப் போட்டான். காரும் நண்பனும் இருந்தது அவனுக்கு.

அதே நாள் ஒரு வயதானவர் நீட்டிய லைசென்ஸ் காலாவதியாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. என் பக்கத்தில் இருந்த உதவியாளர் திருப்பியனுப்பப் போனார். 65 வயது நிறைந்த நாளில் செல்லுபடியாக இருந்த அட்டை, அந்த வயதுக்காரர்களுக்கு எத்தனை வருஷம் ஆனாலும் செல்லும் என்று எங்கள் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. கையேட்டைப் புரட்டி அந்த வரியில் விரலை வைத்துக் காட்டினார் டீச்சர், ராணுவக்காரர் தலையசைத்தார். படத்தில் இருப்பவர் இவர் இல்லை என்று யாரையாவது மறுக்க வேண்டுமென்றாலும் மூன்று ஜட்ஜும் ஒருமனதாகச் சொல்ல வேண்டும். எங்கள் மேஜையில் அப்படி யாரையும் மறுக்கவில்லை. பெயரில் ஓரிரு எழுத்து மாறியிருந்தாலும் ஏற்கலாம். சண்முகசுந்தரம் என்பதை லைசென்ஸில் சேர்த்தும் பட்டியலில் பிரித்தும் எழுதியிருந்த நம்மவர் ஒருவர் அந்த வரியால்தான் தப்பித்தார்.

இதிலிருந்து "ஆக எல்லாம் நன்றாகத்தான் நடக்கிறது" என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். இது ஒரு சாவடி. கையேடு படித்த மூன்று பேர் வாய்த்த சாவடி. ஆனால் சட்டத்தில் அந்த விலக்குகள் இருந்ததால்தான் அந்த மூன்று பேராலும் எதையாவது செய்ய முடிந்தது. 2013இல் எழுதியபோது அந்த விலக்குப் படிவம் இல்லை. வழக்கு நடந்துகொண்டிருந்தபோது, 2015இல்தான் அந்த வழி வந்தது.

இரண்டு பக்கமும் என்னைத் திட்டட்டும்: இரண்டு பேரும் மிகைப்படுத்துகிறார்கள். அட்டைச் சட்டம் வந்தால் லட்சக்கணக்கானோர் ஓட்டுப் போட முடியாமல் போவார்கள் என்கிறது ஜனநாயகக் கட்சி. 2008 முதல் 2018 வரையிலான தேர்தல்களை எடுத்து கான்டோனி, போன்ஸ் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் பார்த்ததில், கடுமையான அட்டைச் சட்டங்களால் மொத்த வாக்குப்பதிவு குறிப்பிடும்படி குறையவில்லை. மோசடி குறைந்ததற்கும் தடயம் இல்லை, அதையும் அதே ஆய்வுதான் சொல்கிறது. குடியரசுக் கட்சி பேசும் ஆள்மாறாட்டம் எங்கே? எங்கள் மாநிலத்தில் நிஜமாகவே நடந்த பெரிய மோசடி 2018இல், ஒன்பதாம் தொகுதியில். பிளேடன் கவுண்டியில் தபால் வாக்குச் சீட்டுகளை வீடு வீடாக ஆள் வைத்துச் சட்டவிரோதமாகச் சேகரித்தார்கள். 905 ஓட்டில் முன்னிலையில் இருந்தவர் குடியரசுக் கட்சி வேட்பாளர். முடிவையே ஒதுக்கிவிட்டு மறுதேர்தல் வைத்தார்கள். சாவடி வாசலில் எத்தனை அட்டை கேட்டாலும் அதைப் பிடித்திருக்க முடியாது.

சரி, சமரசம். வராமல் இல்லை, வந்திருக்கிறது. 2000 அதிபர் தேர்தலில் புளோரிடாவில் ஓட்டு எண்ணுவதில் நடந்த கூத்துக்குப் பிறகு, 2002இல் ஒரு கூட்டாட்சிச் சட்டம் கீழவையில் 357–48, செனட்டில் 92–2 என்று நிறைவேறியது. புது வாக்கு இயந்திரங்களுக்குப் பணம், பெயர் பட்டியலில் இல்லாதவனுக்கும் தற்காலிக வாக்கு: இது ஜனநாயகக் கட்சிக்கு. தபாலில் பதிந்து முதல் தடவை ஓட்டுப் போடுபவர் ஏதாவது அடையாளம் காட்ட வேண்டும்: இது குடியரசுக் கட்சிக்கு. மிசௌரி செனட்டர் கிட் பாண்ட், செயின்ட் லூயிஸ் பட்டியலில் ரிட்ஸி என்ற நாய் வாக்காளராக இருந்ததைச் சொல்லிச் சொல்லியே அதை வாங்கினார். கரன்ட் பில், பாங்க் ஸ்டேட்மென்ட் கூடச் செல்லும் என்று வைத்ததால் எதிர்ப்பக்கமும் சம்மதித்தது.

2005இல் ஜனநாயகக் கட்சியின் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரும் குடியரசுக் கட்சியின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரும் சேர்ந்து தலைமை தாங்கிய குழு, படம் போட்ட அட்டை கேளுங்கள், ஆனால் அதை இலவசமாகக் கொடுங்கள், இல்லாதவர்களை அரசே தேடிப் போங்கள் என்றது. முதல் பாதியை மட்டும் ஒரு கட்சி வெட்டி எடுத்துக்கொண்டது. அந்தக் குழுவையே இன்னொரு கட்சி மறந்தது. 2021இல் ஜனநாயகக் கட்சி செனட்டர் ஜோ மான்சின் மறுபடி அதே ஒட்டு வேலையைச் செய்தார். அடையாளம் வேண்டும், ஆனால் கரன்ட் பில்லும் செல்லும். தேர்தல் நாள் விடுமுறை. பதினைந்து நாள் முன்கூட்டி வாக்குப்பதிவு. அட்டைச் சட்டங்களை எதிர்த்துவந்த ஜார்ஜியா ஜனநாயகக் கட்சிக்காரர் ஸ்டேசி ஏப்ரம்ஸ் ஆதரிக்கிறேன் என்றார். உடனே குடியரசுக் கட்சியினர் அதை ஏப்ரம்ஸின் திட்டம் என்று சொல்லி ஒதுக்கினார்கள். எதிரணிக்குப் பிடித்துவிட்டது என்பதே அதற்குச் சாவு மணி. கருத்துக்கணிப்பு எடுத்தால் 80 சதவீதத்துக்கு மேல் அட்டை வேண்டும் என்கிறார்கள். இவ்வளவு பேர் ஒத்துப்போகிற விஷயத்தைத் தீர்த்துவிட்டால் அடுத்த தேர்தலுக்கு நன்கொடை கேட்டு என்ன எழுதுவார்கள்? இது என் கசப்பு, ஆதாரம் கேட்காதீர்கள்.

இப்போது சண்டை அட்டையைத் தாண்டிவிட்டது. 2025 ஏப்ரலில் கீழவை 220–208 என்று நிறைவேற்றிய சேவ் மசோதா, பதியும்போதே குடியுரிமைக்குக் காகிதம் காட்டச் சொல்கிறது. பாஸ்போர்ட், பிறப்புச் சான்று, எங்களைப் போன்றவர்களுக்கு குடியுரிமைச் சான்றிதழ். கான்சாஸ் மாநிலம் 2013 முதல் இதைச் செய்து பார்த்தது. சுமார் 31,000 பேரின் பதிவு நின்றுபோனது, பெரும்பாலும் குடிமக்கள்தான். 2018இல் நீதிமன்றம் நிறுத்தியது.

காகிதம் என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். என் பிறப்புச் சான்றில் பெயரே கிடையாது. "பெண் குழந்தை" என்று மட்டும் இருந்தது. அதில் பெயர் ஏற்ற அம்மா நடையாய் நடந்த அலுவலகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சாப்பாட்டு நேரம், சர்வர் இல்லை, பெரிய ஐயா வரவில்லை. கடைசியில் பெரியம்மாவும் மாமாவும் "இவள் பிறந்தது எங்களுக்குத் தெரியும்" என்று எழுதிக் கொடுத்த உறுதிமொழிப் பத்திரத்தில்தான் கிரீன் கார்டே வந்தது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராகிவிட்டதால் இன்றும் விமான நிலையத்தில் என் அப்பாவைத்தான் கூப்பிடுகிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகு லைசென்ஸில் வேறு பெயர். சரி, இது கேள்விக்குச் சம்பந்தமில்லை. ஆனால் "காகிதம் காட்டினால் போச்சு" என்று சொல்பவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே பெயர்தான் இருக்கிறது.

ஆகவே என் பதில்: சாவடியில் அட்டை கேட்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, எங்கள் மாநிலத்தைப் போல இலவச அட்டையும் விலக்குப் படிவமும் கூடவே இருந்தால். குடியுரிமைக் காகிதத்துக்கு மட்டும் சம்மதிக்க மாட்டேன். கைரேகை எடுத்து, பரீட்சை வைத்து, உறுதிமொழி வாங்கி அந்தச் சான்றிதழை எனக்குக் கொடுத்ததே கூட்டாட்சி அரசுதான். அதன் நகல் அவர்களிடமே இருக்கிறது. சந்தேகம் இருந்தால் அவர்களே எடுத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.