கறுப்பு வட்டம் செல் இல்லை

கேள்வி: உயர்நிலை ஒன்றில் படிக்கும் மகளுக்கு மைக்ராஸ்கோப் வாங்கினோம். வெங்காயத்தோலை 400 மடங்கில் வைத்துப் பார்த்தால் கண் கூசும் வெளிச்சம், நடுவே கறுப்பு விளிம்புள்ள வட்டங்கள். செல் எதுவும் தெரியவில்லை. லென்ஸ் கோளாறா, மாற்றிவிடலாமா? – சிங்கப்பூர், செங்காங் வாசகி

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். நீங்கள் பார்த்த வட்டங்கள் காற்றுக்குமிழிகள். புதிதாகப் பார்க்கும் பலரும் அவற்றைத்தான் செல் என்று ஆளைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள், நானும் காட்டியிருக்கிறேன்.

முதலில் தோல். வெளியே இருக்கும் காய்ந்த சருகு உதவாது. உள்ளே சதைப்பற்றான ஓர் அடுக்கை எடுத்து, அதன் குழிந்த பக்கத்தை நகத்தால் கீறினால் கண்ணாடித்தாள் போல ஒரு சவ்வு உரியும். சுண்டுவிரல் நக அளவு போதும். ஸ்லைடின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீரில் மடிப்பு விழாமல் விரித்து, மேலே மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப்பின் ஒரு விளிம்பைத் தண்ணீரில் தொடவைத்து, ஊசியில் தாங்கி மெல்லச் சாய்த்து இறக்குங்கள். பொத்தென்று போட்டால் காற்று மாட்டிக்கொள்ளும். தண்ணீருக்குப் பதில், மருந்துக்கடை அயோடினைக் கொஞ்சம் நீர்த்து விட்டால் செல்லின் உட்கரு பழுப்பாகத் தெரியும்.

அப்புறம், நேராக 400க்குப் போகாதீர்கள். கண்ணருகு லென்ஸ் 10, கீழே இருப்பது 40, பெருக்கினால் 400. அந்த நிலையில் கண்ணுக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் அகலம்கூட இருக்காது. புளோக் எண் தெரியாமல் செங்காங்கில் ஒரு வீட்டுக் கதவைத் தேடுகிற கதைதான். 4 லென்ஸில் தொடங்குங்கள். பக்கவாட்டில் பார்த்தபடி ஸ்லைடை லென்ஸுக்கு அருகே கொண்டுபோய், பிறகு கண்ணை வைத்து விலக்கிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் பளிச்சென்று விழும். பார்க்க வேண்டியதை நடுவுக்குக் கொண்டுவந்து 10, பிறகு 40. ஸ்லைடை இடப்பக்கம் தள்ளினால் படம் வலப்பக்கம் ஓடும். அது பழுது இல்லை. 40இல், தெளிவைச் சரிசெய்யும் திருகுகளில் சின்னதை மட்டும் தொடுங்கள். லென்ஸுக்கும் கண்ணாடிக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை.

உங்கள் விஷயத்தில் உண்மையான வில்லன் வெளிச்சம் என்றே நினைக்கிறேன். வெங்காயச் செல்லுக்கு நிறம் கிடையாது. விளக்கை முழுசாக எரியவிட்டால் செல்சுவர் அந்த ஒளியில் கரைந்துபோகும். ஸ்லைடு வைக்கும் மேடைக்கு அடியில், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டயாஃப்ரம் இருக்கும். சில மாடல்களில் ஓட்டைகள் கொண்ட வட்டத்தட்டு. கண்ணை எடுக்காமல் அதை மெல்ல மூடுங்கள். செங்கல் சுவர் போல வரிசை எழும்பி வரும். ரொம்பவும் மூடினால் கோடுகள் தடித்து நுணுக்கம் போய்விடும், அங்கிருந்து சற்றுத் திறவுங்கள்.

பெட்டியில் 1600 மடங்கு என்று போட்டிருந்தால் மயங்காதீர்கள். லென்ஸின் மேல் 40/0.65 என்று பொறித்திருக்கிறதா? இரண்டாவது எண் லென்ஸ் ஒளியை வாங்கும் திறனைக் காட்டுவது. அதை ஆயிரத்தால் பெருக்குங்கள்: 650. அதற்கு மேல் போனால் படம் பெரிதாகும், தெளிவாகாது.

நம் ஊர் ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். பார்த்து முடித்ததும், மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

வெங்காயம் சரியாக வந்துவிட்டதா? இலையின் அடிப்பக்கம் ஊதாவாக இருக்கும் ரியோ செடியைப் பல வீடுகளின் தாழ்வாரத்தில் பார்த்திருப்பீர்கள். அண்டை வீட்டில் கேட்டு ஓர் இலை வாங்கி அந்த ஊதாத்தோலை உரித்து வையுங்கள், சாயமே வேண்டாம். கவர் ஸ்லிப் ஓரத்தில் ஒரு சொட்டு உப்புத்தண்ணீர் விட்டு, எதிர் ஓரத்தில் டிஷ்யூவால் உறிஞ்சுங்கள். சில நிமிடங்களில் ஊதா நிறம் சுவரை விட்டு விலகி நடுவே சுருண்டுகொள்ளும்.