நிலவும் நிதியும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

நிலவுக்கு மறுபடி ஆள் அனுப்பும் நாசாவின் ஆர்ட்டெமிஸ் திட்டம் பற்றிய செய்திகளைத் தொடர்ந்து படிக்கிறேன். அதிபர் கென்னடி அறிவித்த எட்டே வருடத்தில் நிலவில் இறங்கியவர்கள், இன்று இத்தனை வசதி இருந்தும் தேதியைத் தள்ளிக்கொண்டே போகிறார்கள். “முதல்ல போயிருந்தாத்தானே மறுபடி போறதுக்கு” என்று அலுவலக நண்பர் சிரிக்கிறார். நான் அப்படி நினைக்கவில்லை, ஆனால் பதில் சொல்லவும் தெரியவில்லை. தொழில்நுட்பம் தொலைந்துவிட்டதா, பணம் இல்லையா?

ஆர்., கரூர்

அன்புள்ள ஆர்.,

முதலில் உங்கள் நண்பர். அன்று நிலவில் இறங்கிய அப்போலோ வீரர்கள் கொண்டுவந்த 382 கிலோ கல்லும் மண்ணும் பல நாட்டு ஆய்வகங்களுக்குப் போயிருக்கின்றன. அவர்கள் அங்கே வைத்துவிட்டு வந்த பிரதிபலிப்பான்கள்மீது இன்றும் லேசர் பாய்ச்சி தூரம் அளக்கிறார்கள். அவரிடம் இதற்குமேல் மல்லுக்கட்ட வேண்டாம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அவர்களை ஏற்றிப்போன சாட்டர்ன் ராக்கெட்டைக் கட்டிய ஆட்களும் பட்டறைகளும் இன்றில்லை, அது உண்மை. ஆனால் பணம் இருக்கிறது. 2012 முதல் 2025 வரை ஆர்ட்டெமிஸுக்கு 9,300 கோடி டாலர் ஆகும் என்று நாசாவின் தலைமைத் தணிக்கையாளரே கணக்குச் சொன்னார். அந்தப் பணம் யார் கையிலிருந்து, எதற்காக வருகிறது என்பதில்தான் சிக்கல்.

1962 நவம்பரில் வெள்ளை மாளிகையில் ஒரு கூட்டம். நிலவுப் பயணம்தான் நாசாவின் தலையாய வேலையா என்று கென்னடி கேட்கிறார். பல முக்கிய வேலைகளில் அதுவும் ஒன்று என்கிறார் நாசா தலைவர் ஜேம்ஸ் வெப். கென்னடிக்குப் பொறுக்கவில்லை. எனக்கு விண்வெளியில் அப்படியொன்றும் ஆர்வமில்லை, ரஷ்யர்களை முந்தவேண்டும், அவ்வளவுதான் என்ற பொருளில் சொல்லிவிடுகிறார். ஒலிநாடா இருக்கிறது, கேட்கலாம். அந்த ஒரே நோக்கத்துக்காக 1966இல் அமெரிக்க மத்திய அரசின் மொத்தச் செலவில் நான்கு சதவீதத்துக்கும் மேல் நாசாவுக்குப் போனது. இன்று அரை சதவீதம்கூடக் கிடையாது. முந்தியாயிற்று, ஆர்வமும் போயிற்று. அப்போலோ 18, 19, 20 மூன்றையும் 1970இலேயே ரத்து செய்துவிட்டார்கள். 1972 டிசம்பருக்குப் பிறகு நிலவில் மனிதக் கால் பட்டதில்லை.

அப்புறம் நடந்ததெல்லாம் மறுபடி நிலவுக்குப் போவோம் என்ற அறிவிப்புகள். 1989இல் அப்பா புஷ், 2004இல் மகன் புஷ். மகன் வைத்த கெடு 2020. வருடத்துக்கு இன்னும் 300 கோடி டாலர் இல்லாமல் இது நடக்காது என்று திட்டத்தை ஆராய்ந்த அகஸ்டின் குழு 2009இல் சொல்ல, அடுத்த வருடமே ஒபாமா திட்டத்தைக் கைவிட்டார். ஆனால் அலபாமா, லூசியானா, ஃபுளோரிடா, யூட்டா என்று பல மாநிலங்களில் அந்தத் திட்டத்தால் வேலைகள் இருந்தன. எம்.பி.க்கள் சும்மா விடுவார்களா? திரும்பத் திரும்பப் பறந்த பழைய ஷட்டில் விண்கலத்தின் ஒப்பந்தங்களையும் பாகங்களையும் முடிந்தவரை பயன்படுத்தி ஒரு பெரிய ராக்கெட் கட்டு என்று 2010இல் சட்டமே போட்டார்கள். அதுதான் ஆர்ட்டெமிஸின் ராக்கெட்டான ‘ஸ்பேஸ் லாஞ்ச் சிஸ்டம்’, சுருக்கமாக எஸ்.எல்.எஸ். ‘செனட் லாஞ்ச் சிஸ்டம்’ என்று கிண்டலாகச் சொல்வார்கள். நிலவுதான் இலக்கு என்பது 2017இல்தான் மறுபடி வந்தது. ராக்கெட் முதலில், அது எங்கே போகவேண்டும் என்பது பிறகு!

இதன் விளைவைப் பார்க்க ஒரே ஒரு எஞ்சின் போதும். 2045 என்ற எண்ணுள்ள ஆர்.எஸ்-25. 1998இல் மூத்த விண்வெளி வீரர் ஜான் க்ளென் தன் 77 வயதில் மறுபடி விண்வெளிக்குப் போனபோது அந்த ஷட்டிலில் இருந்த எஞ்சின் அது. 2011இல் கடைசி ஷட்டிலிலும் பறந்தது. ஒவ்வொரு முறையும் பத்திரமாகத் திரும்பி, கழற்றிச் சோதிக்கப்பட்டு, மறுபடி பறப்பதற்கென்றே செய்யப்பட்டது. 2022 நவம்பரில் ஆள் இல்லாமல் போன ஆர்ட்டெமிஸ்-1இல், எஸ்.எல்.எஸ்ஸின் நான்கு எஞ்சின்களில் ஒன்றாக அது பறந்தது. எட்டு நிமிடம் எரிந்தது, பிறகு கடலுக்குள் போயிற்று, கூடவே மற்ற மூன்றும். புதிதாகச் செய்ய ஒன்றுக்குச் சுமார் 10 கோடி டாலர் விலை பேசியிருக்கிறார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

ராக்கெட்டுக்கு நாசா கேட்டதைவிட அதிகமாகக்கூட எம்.பி.க்கள் கொடுத்த வருடங்கள் உண்டு. நிலவில் இறங்கும் கலத்துக்கோ, நம்மூர் ரயில் பாதைகளுக்கு பட்ஜெட்டில் ஆயிரம் ரூபாய் ஒதுக்குவார்களே, அந்தக் கதைதான். 2024க்குள் இறங்குவோம் என்று 2019இல் துணை அதிபர் பென்ஸ் முழங்கினார். 2021ஆம் நிதியாண்டில் இறங்குகலத்துக்கு நாசா கேட்டது 330 கோடி டாலர் அளவில், கிடைத்தது 85 கோடி. இரண்டு நிறுவனங்களைத் தேர்ந்தெடுக்க நினைத்தவர்கள் ஸ்பேஸ்எக்ஸ் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். வாய்ப்புக் கிடைக்காத ப்ளூ ஆரிஜின் நிறுவனம் புகார், வழக்கு என்று போக, சில மாதங்கள் அதில் கழிந்தன. 2025இல் எஸ்.எல்.எஸ்ஸை மூன்றாவது பயணத்தோடு நிறுத்தலாம் என்று வெள்ளை மாளிகை சொன்னது. ஜூலையில் வந்த சட்டம் நான்காவது, ஐந்தாவது பயணங்களுக்கென்றே 410 கோடி டாலர் ஒதுக்கிவிட்டது.

நோக்கமே இல்லை என்று சொல்லமாட்டேன். தென் துருவப் பள்ளங்களில் பனிக்கட்டி இருக்கிறது. நிலவில் நீர் உண்டு என்பதற்கு நம் சந்திரயான்-1இல் போன நாசா கருவிதான் 2009இல் முக்கியமான தடயம் தந்தது. அங்கே ஆள் இறங்கித் தோண்டுவது வீண்செலவாக எனக்குப் படவில்லை. ஆனால் வாஷிங்டனில் பேச்சு என்னவோ 2030க்குள் இறங்கப்போவதாகச் சொல்லும் சீனாவைப் பற்றித்தான்.

எப்போது இறங்குவார்கள்? ஸ்பேஸ்எக்ஸின் கலம் நிலவுக்குக் கிளம்பும் முன், பூமியைச் சுற்றியபடியே பல டேங்கர் கலங்களிலிருந்து எரிபொருள் நிரப்பிக்கொள்ளவேண்டும். மிகக் குளிர்ந்த திரவ ஆக்சிஜனும் மீத்தேனும், டன் கணக்கில். அதைச் செய்துகாட்டும் வரை யார் சொல்லும் தேதியையும் நான் நம்புவதாக இல்லை.