கட்டடத்துக்கு முன்னால் ஒரு கொப்பி

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் எங்கள் பழைய வீடு சும்மா கிடக்கிறது. யாரிடமும் ஓவியம் பயிலாத மூன்று முதியவர்களின் 40 படங்கள் என்னிடம் இருக்கின்றன. அவர்களில் ஒருவர் வள்ளங்களுக்குப் பெயின்ற் அடித்தவர். இவர்களுக்கென ஒரு நூதனசாலை தொடங்க ஆசை. எதிலிருந்து ஆரம்பிப்பது?

பதில்: வீடு திருத்துவதைத் தள்ளிவைத்துவிட்டு, முதலில் அந்த மூவரிடமும் போய் உட்காருங்கள். கலைக்கல்லூரியில் படித்தவரைப் பற்றிச் சான்றிதழ், ஆசிரியர், கண்காட்சி மலர் என்று எங்காவது ஏதாவது மிஞ்சும். தானாகக் கற்றவருக்கு அவருடைய வாய்ப்பேச்சுதான் ஆவணம். கடலுக்கு ஏன் அந்த நிறம், பெயின்ற் எங்கே கிடைத்தது, யாருக்காக வரைந்தார் என்றெல்லாம் கேட்டுக் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். இதை நாளைக்கு என்று விடாதீர்கள்.

பிறகு ஒரு தடித்த கொப்பி. ஒவ்வொரு படத்தையும் முன்னும் பின்னும் புகைப்படம் எடுத்து, பின்புறத்தில் மென்மையான பென்சிலால் ஓர் இலக்கம் போடுங்கள். பேனையோ ஸ்டிக்கரோ வேண்டாம். அதே இலக்கத்தில் அளவு, பொருள், யார் தந்தது, எப்போது என்று கொப்பியில் எழுதுங்கள். பின்புறத்தில் அரிசிச் சாக்கின் எழுத்து தெரிந்தால் அதை மூடி ஒட்டிவிடாதீர்கள், அதுவும் படத்தின் கதைதான்.

நன்கொடையா இரவலா என்பதைக் கையொப்பமிட்ட கடிதமாக வாங்குங்கள். படம் உங்களுடையதானாலும் அதைத் தபாலட்டையாக அச்சிடும் உரிமை தானாக வந்துவிடாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, அந்த உரிமை ஓவியரின் ஆயுள் முழுவதும் அவருக்கும், அதன்பின் 70 ஆண்டுகளுக்கு அவருடைய வாரிசுகளுக்கும் உரியது. நூதனசாலையைப் பதியும் அலுவல்களுக்கு ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.

கடற்கரை வீட்டில் பெரிய பகை ஈரம். வெளிச்சுவரில் படம் மாட்டாதீர்கள். உட்சுவரிலும் படச்சட்டத்தின் கீழ்மூலைகளில் சிறு கட்டை வைத்துக் காற்றோட விடுங்கள். பகலில் ஏசி போட்டு இரவில் நிறுத்தினால் ஈரப்பதம் ஏறி இறங்கும், பலகை விரிந்து சுருங்கும், பெயின்ற் உரியும். அதைவிட ஏசியே இல்லாமல் நல்ல காற்றோட்டம் மேல். காகிதப் படங்களுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் போதும்.

காலம் எடுக்கிறதே என்று சோராதீர்கள். பிரெஞ்சு ஓவியர் ஜான் துபுஃபே இப்படித் தானாகக் கற்றவர்களின் படைப்புகளை 1945இல் சேர்க்கத் தொடங்கினார். அவை சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் நூதனசாலையாகத் திறந்தது 1976இல்தான்.

உங்களுக்கு இப்போதைக்கு ஓர் அறை, வாரத்தில் இரண்டு நாள் போதும். விளக்க அட்டையில் ‘படிக்காத தொழிலாளி’ என்று எழுதவேண்டாம், அவர் சொன்ன வார்த்தைகளையே போடுங்கள். எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகு ஒட்டுங்கள்.