மாத்திரை சாப்பிட்டும் நுரையீரல் தழும்பு ஏன் கூடுகிறது?

கேள்வி: எனக்கு 44 வயது. தோலும் உள்ளுறுப்புகளும் இறுகிப்போகும் ஸ்க்ளீரோடெர்மா நோய்க்கு மைக்கோஃபெனோலேட் சாப்பிடுகிறேன். விரல் வீக்கமும் மூட்டு வலியும் நன்றாகவே குறைந்துவிட்டன. ஆனால் மூச்சுப் பரிசோதனையில் அளவு இறங்கியிருக்கிறது, சிடி ஸ்கேனில் தழும்பும் கூடியிருக்கிறதாம். ‘ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் செய்யும் வேலை’ என்று சொல்லி டாக்டர் நின்டெடானிப் என்ற மாத்திரையையும் சேர்த்திருக்கிறார். எதிர்ப்பு சக்தியை அடக்கத்தான் ஏற்கெனவே மருந்து இருக்கிறதே, இது வேறு எதற்கு? ஸ்டீராய்டைக் கூட்டினால் போதாதா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஸ்டீராய்டை நீங்களாகக் கூட்டவே கூடாது. ஸ்க்ளீரோடெர்மாவில் அதிக அளவு ஸ்டீராய்டு, ரத்த அழுத்தம் திடீரென்று எகிறி சிறுநீரகம் செயலிழக்கும் ஆபத்தைக் கூட்டும். அதனால்தான் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு தினமும் 15 மில்லிகிராமைத் தாண்டினாலே நாங்கள் யோசிப்போம். (ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் பட்டென்று நிறுத்தவும் கூடாது.)

சரி, ஃபைப்ரோபிளாஸ்ட் விஷயத்துக்கு வருவோம். அது கெட்ட செல் இல்லை. எல்லோர் நுரையீரலிலும் இருக்கிறது, காயம் பட்டால் கொலாஜன் என்ற நார்ப் புரதத்தைச் சுரந்து அந்த இடத்தைச் சீர்செய்வது அதன் வேலை. உங்கள் நோயில் எதிர்ப்பு சக்தி சொந்த ரத்தக்குழாய்களையும் காற்றறைச் சுவர்களையுமே தாக்கிக்கொண்டிருப்பதால் காயம் ஆறவே இல்லை, அங்கிருந்து டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞை ஓயாமல் வந்துகொண்டே இருக்கிறது. அதைக் கேட்டுக் கேட்டு ஃபைப்ரோபிளாஸ்ட் தசை செல்லைப் போலச் சுருங்கி இழுக்கும் மயோஃபைப்ரோபிளாஸ்ட்டாக மாறி, கொலாஜனைக் குவிக்க ஆரம்பிக்கிறது. சாதாரணக் காயத்தில் வேலை முடிந்ததும் இந்த செல்கள் தாமாகவே மடிந்துவிடும். இங்கே மடிவதில்லை.

அதைவிடச் சிக்கல், தழும்பால் திசு விறைத்துப்போனால் அந்த விறைப்பையே ஃபைப்ரோபிளாஸ்ட் உணர்ந்து இன்னும் கொலாஜன் போடுகிறது. ஆரம்பித்து வைத்தது எதிர்ப்பு சக்திதான் என்றாலும், ஒரு கட்டத்துக்குமேல் அதன் தூண்டுதல் அடங்கினாலும் தழும்பு தன் போக்கில் வளரலாம். உங்களுக்கு மூட்டு அடங்கியும் நுரையீரல் அடங்காததற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். மைக்கோஃபெனோலேட் முக்கியமாக எதிர்ப்பு செல்களின் பெருக்கத்தைத் தடுக்கிறது. நின்டெடானிப்போ ஃபைப்ரோபிளாஸ்ட்டைப் பெருகச் சொல்லும் சமிக்ஞைகளையே மறிக்கிறது. வேலை வேறு வேறு, அதனால் ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதை மட்டும் சாப்பிடலாமா என்று பார்க்காதீர்கள்.

காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருக்கும் சுவரின் தடிமன் ஒரு மைக்ரான்கூட இல்லை. அதில் கொலாஜன் ஏறினால் ஆக்சிஜன் கடப்பது கஷ்டம், முதலில் அது மாடிப்படி ஏறும்போதுதான் தெரியும். முதுகின் கீழ்ப்பகுதியில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து மூச்சை இழுக்கச் சொன்னால், இழுப்பின் கடைசியில் வெல்க்ரோ பட்டையைப் பிரிப்பது போல ஒரு சரசரப்பு கேட்கும், டாக்டர் அங்கேயே திரும்பத் திரும்ப வைத்துப் பார்ப்பது அதற்காகத்தான்.

நின்டெடானிப் எவ்வளவு உதவும்? 2019இல் வெளியான, உங்கள் நோய் உள்ள 576 பேரிடம் நடந்த ஆய்வில், மருந்து இல்லாதவர்களின் மூச்சுக் கொள்ளளவு வருடத்துக்குச் சராசரியாக 93 மில்லி குறைந்தது, மருந்து எடுத்தவர்களுக்கு 52 மில்லி. அதாவது இறக்கம் மெதுவானது, நிற்கவில்லை. பழைய தழும்பும் கரையாது. சாப்பிட்டதும் மூச்சு லேசாகிவிடும் என்று எதிர்பார்த்து, அப்படி ஆகவில்லையே என்று மூன்றாம் மாதத்தில் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு, அந்தத் தப்பை நீங்கள் செய்ய வேண்டாம். மருந்து வேலை செய்கிறதா என்பது உடம்புக்குத் தெரியாது, மூச்சுப் பரிசோதனைக்குத்தான் தெரியும். அதை டாக்டர் சொல்லும் இடைவெளியில் தவறாமல் செய்து, பழைய ரிப்போர்ட்டுகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.

அப்புறம், வயிற்றுப்போக்கு. அந்த ஆய்விலேயே நாலில் மூன்று பேருக்கு வந்தது, மைக்கோஃபெனோலேட்டும் அதைச் செய்யும் என்பதால் உங்களுக்கு வாய்ப்பு அதிகம். வெறும் வயிற்றில் போடாமல் சாப்பாட்டோடு போடுங்கள், வந்தால் என்ன மாத்திரை எடுப்பது என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சமாளிக்க முடியாவிட்டால் 150 மில்லிகிராமை 100 ஆகக் குறைப்பார்கள். கல்லீரல் ரத்தப் பரிசோதனை ஆரம்பிக்கும் முன்பும், முதல் சில மாதங்களில் அடிக்கடியும் தேவை. மாதவிடாய் இன்னும் நிற்கவில்லை என்றால் கருத்தடை பற்றியும் பேசிவிடுங்கள், இரண்டு மருந்துமே கருவுக்கு ஆகாது.