காது மடல்ல பூசின ரத்தம்

வணக்கம் ஐயா. என் மகன் (24 வயசு) போன மாசம் ஒரு ஜெபக் கன்வென்ஷனுக்கு போனான். அங்க அவன் தலையில எண்ணெய் ஊத்தி ‘நீ ஆரோனைப் போல ஆசாரியன்’னு சொல்லிட்டாங்க. வேலையை விட்டுட்டு ஊழியத்துக்கு போறேங்கிறான். மோசே தன் அண்ணன் ஆரோனை ஆசாரியனா (பலி செலுத்துற பூசாரியா) ஏற்படுத்துற லேவியராகமம் 8 நமக்கும் பொருந்துமா? அந்த அங்கியில மணி எதுக்கு, ஆசாரியன் கால்ல கயிறு கட்டுவாங்களாமே? ஸ்டால்ல விக்கிற அபிஷேக எண்ணெய் வாங்கலாமா? நான் ஒரு பாட்டில் வாங்கிட்டேன்.

அன்புள்ள தம்பி,

கயிறு கதையை முதல்ல விடுங்க, பைபிள்ல எங்கயும் கிடையாது. மணி இருக்கு, யாத்திராகமம் 28ல, பொன் மணியும் மாதளம்பழமுமா மாத்தி மாத்தி தொங்கும். போதுமா?

எண்ணெய்க்கு வர்றேன். ஆரோன் தலையில மோசே எண்ணெய் ஊத்தினது நிஜம்தான். ஆனா அதோட முடிஞ்சிடலையே. அதுக்கு முன்னாடி தண்ணியில குளிப்பாட்டி, உடுப்பு மாட்டி, அப்புறம்தான் எண்ணெய், அதுக்கப்புறம் ஒரு காளை, ரெண்டு ஆட்டுக்கடா, அதுல ரெண்டாவது கடாவோட ரத்தத்தை எடுத்து வலது காது மடல், வலது கை பெருவிரல், வலது கால் பெருவிரல்னு பூசுறார். பிறகு ஏழு நாள் ராப்பகலா ஆசரிப்புக் கூடார (ஆராதனை நடக்குற கூடாரம்) வாசலை விட்டு நகரக்கூடாது. கன்வென்ஷன்ல ஏழு நிமிஷம் ஆச்சா?

நான் ரொம்ப நாளா இந்த காதுலயே நிக்கிறேன். கைக்கு முன்னாடி, காலுக்கு முன்னாடி காது. ஆரோன் பிள்ளைங்க நாலு பேருக்கும் அதே பூச்சுதான். ரெண்டு அதிகாரம் தள்ளி பாருங்க, அதுல ரெண்டு பேர், நாதாபும் அபியூவும், கர்த்தர் சொல்லாத நெருப்பை தூபகலசத்துல போட்டு கொண்டுபோய் செத்தாங்க. காதுல ரத்தம் பூசியிருந்தது, ஆனா கேக்கல. இன்னொண்ணு, 14ம் அதிகாரத்துல குஷ்டரோகி சுத்தமாகி வரும்போதும் அதே மூணு இடத்துலதான் ரத்தம், அது மேலயே எண்ணெய். ஆசாரியனுக்கும் குஷ்டரோகிக்கும் ஒரே அடையாளம்! இதை எந்த மேடையிலயாவது சொல்றாங்களா?

அம்மா இடுப்பெலும்பு முறிஞ்சு ஆஸ்பத்திரியில கிடந்தப்போ சபை ஐயர் வந்தார் (எங்க பக்கம் போதகரை ஐயர்னுதான் சொல்வோம்), நின்னபடியே பத்து நிமிஷம் சத்தமா ஜெபம், சுகர் இறங்கணும்னு கண்ணீரோட கேட்டார். அம்மாவுக்கு சுகரே கிடையாது. ஆமென் சொல்லிட்டு அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கே. சாயந்திரம் எங்க சபைக் கோயில்ல மணி அடிக்கிற தாத்தா வந்தார், ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்து “என்னம்மா செய்யுது?”ன்னு கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டார். அம்மா ஒரு மணி நேரம் பேசினாங்க, கால் வலியில ஆரம்பிச்சு எங்கெங்கயோ போய் கடைசியில மாடியில காயப்போட்ட புளியில வந்து நின்னுது, மழை வந்தா நனைஞ்சிடுமேன்னு. பக்கத்துலயே நாலு நாளா கிடந்த எனக்கு அந்த புளி தெரியாது. மறுநாள் காலையில தாத்தா எங்க வீட்டு சாவியை கேட்டு வாங்கிட்டு போனார்.

1 பேதுரு 2:9ல நம்ம எல்லாரையும்தான் ஆசாரியக்கூட்டம்னு சொல்லியிருக்கு, உங்களையும் சேர்த்து. அப்போ உங்க காது எங்க தம்பி? கடிதத்துல ரெண்டு பக்கம் எழுதியிருக்கீங்க (இங்க சுருக்கித்தான் போட்டிருக்கேன்), மேடையில இருந்தவர் சொன்னது இருக்கு, உங்க மச்சான் சொன்னது இருக்கு, உங்க பயம் இருக்கு. பையன் ஏன் போறேங்கிறான்னு ஒரு வரி இல்ல. கேட்டீங்களா? கோவப்பட்டு இல்ல, சும்மா பக்கத்துல உக்காந்து. கன்வென்ஷனுக்கு போறதுக்கு முந்தியே ஆபீஸ்ல ஏதாவது ஆகியிருக்கலாம், இல்ல நிஜமாவே அழைப்பா இருக்கலாம், எனக்கென்ன தெரியும், அவனுக்குத்தான் தெரியும்.

அந்த பாட்டிலா? யாத்திராகமம் 30ல கணக்கே இருக்கு, வெள்ளைப்போளம் 500 சேக்கல் (அந்தக் காலத்து எடை), கருவாப்பட்டை 250, வசம்பு 250, இலவங்கப்பட்டை 500, அதோட ஒலிவ எண்ணெய். இதே மாதிரி வேற யாரும் செய்யக்கூடாதுன்னும் அங்கயே எழுதியிருக்கு. உங்க பாட்டில்ல வெறும் சமையல் ஒலிவ எண்ணெய்தான்னு லேபிள்ல இருந்து, வாசனை எதுவும் சேர்க்காம, கெட்டுப்போகாம இருந்தா தோசைக்கல்லுல ஊத்துங்க. பையனுக்கு ரெண்டு தோசை போட்டு கொடுத்துட்டு பேச விடுங்க.